பழைய போர்ஷேவை ஏன் தேடிப் போய் வாங்குகிறார்கள்?

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்களைச் சுருக்கியிருக்கிறோம்.)

இன்றைக்கு நாம பேசப்போறது செகண்ட் ஹேண்ட் லக்ஷுரி ஸ்போர்ட்ஸ் கார் பற்றி.

ராத்திரி பதினொரு மணிக்கு மேல போனை எடுத்து, பழைய கார் விற்கிற ஆப்பைத் திறந்து, விலையை 'அதிகத்திலிருந்து குறைவு' என்று மாற்றி வைத்துப் பார்க்கிற பழக்கம் உங்களில் பல பேருக்கு இருக்கும்னு எனக்குத் தெரியும். எனக்கும் உண்டு. அப்படிப் பார்க்கும்போது திடீர்னு ஒரு வண்டி கண்ணில் படும். பத்துப் பன்னிரண்டு வருஷம் பழைய போர்ஷே. விலையைப் பார்த்தால், பக்கத்து ஷோரூமில் நிற்கிற ஒரு புது எஸ்யூவியின் விலைதான். உடனே மனசுக்குள்ள ஒரு கணக்கு ஓட ஆரம்பிக்கும்.

இதைப் பற்றி ஊரில் ரெண்டு விதமான பேச்சு இருக்கு. ஒன்று, "இதெல்லாம் சும்மா பந்தா. புதுசு வாங்கக் காசில்ல, பழசை வாங்கிப் பணக்காரன் மாதிரி சுத்துறான்" என்பது. இன்னொன்று, "செம டீல் மச்சான், பாதி விலைக்குப் பாதி விலை!" என்பது. ரெண்டுமே விஷயத்தைத் தவறவிடுகிறது என்பது என் கருத்து. பந்தாவுக்காக வாங்குறவங்க நிச்சயம் இருக்காங்க. டீல்னு நினைச்சு வாங்குறவங்களும் இருக்காங்க, அவர்களில் பல பேர் ரெண்டு வருஷத்துக்குள்ள விற்றுவிட்டும் போகிறார்கள். நான் பேசப்போறது மூன்றாவது கூட்டத்தைப் பற்றி. காரை நிஜமாகவே நேசிக்கிறவர்கள். புதுசு வாங்கக் கையில் காசு இருந்தும் பழசைத் தேடிப் போகிறவர்கள்கூட இதில் உண்டு. அவங்க என்ன கணக்குப் போடுறாங்க?

பொதுவாகப் பேசினால் காற்றில் பேசுவது மாதிரி இருக்கும். அதனால் ஒரே ஒரு காரை எடுத்துக்கிறேன். போர்ஷே 911. அதிலும் 996 என்கிற தலைமுறை. 1997-ன் கடைசியில் அறிமுகமாகி, 2005 வாக்கில் முடிந்தது. 911 வரலாற்றிலேயே அதிகமாகத் திட்டு வாங்கிய கார் இதுதான். உலகம் முழுக்க ஆர்வலர்கள் தேடிப் பிடித்து வாங்கியதும் இதைத்தான். ஏன் என்று புரிந்தால், நம்ம கேள்விக்கான பதிலும் கிடைத்துவிடும்.

கம்பெனியைக் காப்பாற்றிய கார், ரசிகர்களிடம் திட்டு வாங்கிய கார்

911 முதன்முதலில் 1963-ல் ஃபிராங்க்ஃபர்ட் கார் கண்காட்சியில் வந்தது. அப்போது அதன் பெயர் 901. நடுவில் பூஜ்யம் வரும் மூன்று இலக்க எண்கள் எங்களுடையவை என்று பூஜோ நிறுவனம் ஆட்சேபம் சொன்னதால் 911 ஆனது. என்ஜின் பின்னாடி, பின் சக்கரங்களையும் தாண்டி இருக்கும். ஆறு சிலிண்டர், பக்கத்துக்கு மூன்றாகப் படுத்திருக்கும். அதைக் குளிர்விப்பது காற்று. நம்ம ஊர் புல்லட் மாதிரி, ரேடியேட்டர் கிடையாது. முப்பது வருஷத்துக்கு மேல் இந்த அமைப்பை அவர்கள் மாற்றவே இல்லை. அந்த என்ஜின் சத்தத்துக்கே தனி ரசிகர் கூட்டம் இருந்தது.

1990-களின் தொடக்கத்தில் போர்ஷே பெரிய சிக்கலில் இருந்தது. எண்பதுகளின் நடுவில் வருஷத்துக்கு ஐம்பதாயிரத்தைத் தாண்டியிருந்த விற்பனை, பதினைந்தாயிரத்துக்கும் கீழே சரிந்தது. கம்பெனி கைமாறிவிடும் என்று வெளிப்படையாகப் பேசிக்கொண்டார்கள். அப்போது தலைமைக்கு வந்தவர் வெண்டெலின் வீடெகிங். டொயோட்டாவில் வேலை பார்த்த ஜப்பானிய ஆலோசகர்களைக் கூட்டிவந்து, தொழிற்சாலையில் கார் கட்டும் முறையையே மாற்றினார். வீணாகும் நேரம், வீணாகும் இடம், குவிந்து கிடக்கும் உதிரிபாகம், எல்லாவற்றையும் குறைத்தார்கள்.

அந்தச் சிக்கன யோசனையில் பிறந்தவைதான் பாக்ஸ்டரும் 996-ம். இரண்டு கார், ஆனால் முன்பக்கம் ஏறக்குறைய ஒன்றே. கதவு, முன் விளக்கு, உள்ளே இருக்கிற நிறையப் பாகங்கள் எல்லாம் பொது. கூடவே, காற்றுக் குளிர்விப்பு போய்த் தண்ணீர் வந்தது. புகை, சத்தம் பற்றிய சட்டங்கள் இறுகிக்கொண்டே போனதும், சிலிண்டருக்கு நான்கு வால்வு வைக்க வேண்டியிருந்ததும் காரணம். பொறியியல் கணக்கில் அது சரியான முடிவு. ரசிகர்கள் கணக்கில் துரோகம்!

போதாக்குறைக்கு அந்த முன் விளக்கு. 911 என்றாலே வட்ட விளக்கு. 996-ல் இண்டிகேட்டரையும் சேர்த்து ஒரு ஒழுங்கில்லாத வடிவத்தில் வைத்துவிட்டார்கள். 'பொரித்த முட்டை' என்று கிண்டல் செய்தார்கள். அதிக விலை கொடுத்து 911 வாங்கியவர், சிக்னலில் கண்ணாடியில் பார்த்தால், பின்னாடி வருவது தன்னுடையதைவிட ரொம்ப விலை குறைந்த பாக்ஸ்டர், முகம் மட்டும் அதே முகம். எரிச்சல் வருமா வராதா? அடுத்து 2004-ல் வந்த 997-ல் வட்ட விளக்கைத் திரும்பக் கொண்டுவந்தது சும்மா இல்லை.

ஆனாலும் 996 நன்றாக விற்றது. சுமார் 1,75,000 கார்கள் கட்டினார்கள். கம்பெனி பிழைத்தது. ஆக, ஒரு பக்கம் ரசிகர்கள் விரும்பாத 911, இன்னொரு பக்கம் சந்தையில் நிறையக் கிடைக்கிற 911. ரெண்டும் சேர்ந்தால் செகண்ட் ஹேண்ட் விலை என்ன ஆகும்? சரியும்.

நஷ்டத்தை யார் கட்டினார்?

1999-ல் அமெரிக்காவில் ஒரு சாதாரண 911 கரேராவின் அடிப்படை விலை சுமார் 65,000 டாலர். 2010-களின் தொடக்கத்தில், ஓரளவு ஓடிய அதே கார் 20,000 டாலருக்கும் கீழே கிடைத்தது. இடையில் போன நாற்பத்தைந்தாயிரம் டாலரும் தேய்மானம். அதைக் கட்டியவர் முதல் ஓனர், கொஞ்சம் இரண்டாவது ஓனர். மூன்றாவதாக வருகிற ஆர்வலர் அந்த நஷ்டத்தைக் கட்டத் தேவையில்லை. இது முதல் காரணம்.

லக்ஷுரி கார் ஏன் இவ்வளவு வேகமா விலை இறங்குது? புதுசு வாங்கும் அளவு பணம் உள்ளவருக்குப் புது மாடல்தான் வேண்டும். அவர் பழசைச் சீண்ட மாட்டார். பழசு வாங்கும் பட்ஜெட் உள்ளவர், வாரண்டி முடிந்த வண்டியின் செலவை நினைத்துப் பயப்படுவார். இந்த ரெண்டு பேருக்கும் நடுவில் ஒரு பள்ளம் இருக்கு. வண்டி அந்தப் பள்ளத்தில் விழுகிறது. ஆர்வலர்கள் காத்திருப்பது அந்தப் பள்ளத்தின் அடியில்.

ஆனால் நல்ல ஸ்போர்ட்ஸ் கார்கள் பூஜ்யம் வரைக்கும் இறங்குவதில்லை. ஒரு இடத்தில் நின்றுவிடும். அதுக்கப்புறம் சில கார்கள் ஏறவும் செய்யும். 996-க்கு முந்தைய 993, அதாவது காற்றில் குளிரும் கடைசி 911, இன்றைக்கு 996-ஐவிடப் பல மடங்கு விலை. 996-கூட அந்த அடிமட்ட விலையிலிருந்து மேலே வந்துவிட்டது. இதைக் கேட்டுட்டு "அப்போ இது முதலீடு"ன்னு யாரும் கிளம்பிடாதீங்க. நான் சொல்வது இவ்வளவுதான்: விழவேண்டியது பெரும்பாலும் விழுந்து முடிந்த பிறகு வாங்கினால், நாளைக்கு விற்கும்போது பெரிய அடி விழாது.

தெரிந்த நோய்

இரண்டாவது காரணம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. இதை வெளியாட்கள் யாரும் யோசிப்பதில்லை.

996 என்ஜினுக்குள் இடைத்தண்டு ஒன்று உண்டு. கிராங்க் சுழலும்போது அதிலிருந்து சக்தியை வாங்கி, வால்வுகளைத் திறந்து மூடும் செயின்களை ஓட்டுவது அதன் வேலை. அந்தத் தண்டின் ஒரு முனை ஒரு சின்ன பேரிங்கில் சுழல்கிறது. ஆர்வலர்கள் ஐ.எம்.எஸ். பேரிங் என்பார்கள். அது மூடி சீல் வைத்த பேரிங், உள்ளே அதற்கென்று கிரீஸ். வருஷங்கள் போகப் போக சீல் தளர்ந்து, கிரீஸ் கரைந்து போய்விடும். பிறகு பேரிங் தேய ஆரம்பிக்கும். அது உடைந்தால், வால்வும் பிஸ்டனும் ஒன்றுக்கொன்று நேரம் தவறி மோதிக்கொள்ளும். அத்தோடு என்ஜின் முடிந்தது. கையில் அடங்குகிற ஒரு பேரிங்கால் ஒரு முழு என்ஜின் போய்விடும்.

எல்லா என்ஜினிலும் இது நடப்பதில்லை. பெரும்பாலான கார்கள் இந்தப் பிரச்சினையே இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஆனால் நடந்தால் செலவு பயங்கரம் என்பதால் பேர் கெட்டுப்போச்சு. அமெரிக்காவில் 2001 முதல் 2005 வரையிலான மாடல்கள் தொடர்பாக வழக்குப் போட்டு, 2013-ல் சமரசத்தில் முடிந்தது. 996-ன் விலை அவ்வளவு இறங்கியதற்கு இந்தப் பயமும் ஒரு முக்கியக் காரணம்.

ஆர்வலர்கள் இதை வேறு மாதிரி பார்த்தார்கள். இருபது வருஷமாக ஆயிரக்கணக்கான பேர் ஓட்டி, உடைத்து, பிரித்து, எழுதி வைத்துவிட்டார்கள். எந்த வருஷத்து என்ஜினில் இரட்டை வரிசை பேரிங் இருக்கும், எதில் பலவீனமான ஒற்றை வரிசை இருக்கும், எதை வெளியிலிருந்தே மாற்றலாம், எதற்கு என்ஜினையே பிளக்க வேண்டும், எல்லாம் தெரியும். மாற்று பேரிங் தயாரிக்கிற தனி கம்பெனிகள் வந்துவிட்டன. கிளட்ச் மாற்ற எப்படியும் கியர்பாக்ஸை இறக்க வேண்டும், இறக்கினால் பேரிங் எட்டும் தூரத்தில் இருக்கும், அதனால் ரெண்டையும் ஒரே நேரத்தில் செய்துவிடு என்கிற பாடமும் ரெடி. அதே தலைமுறையில் டர்போ, ஜிடி3 மாடல்களில் இருப்பது ஹான்ஸ் மெஸ்கர் பெயரால் அழைக்கப்படும் வேறு என்ஜின், பந்தயக் கார் வம்சம், அதில் இந்தப் பேரிங் தொல்லை இல்லை என்பதும் தெரியும். 2009 மாடலில் வந்த புது என்ஜினில் அந்த இடைத்தண்டே இல்லை என்பதும் தெரியும்.

இப்போ ஒரு புத்தம் புது காரை யோசிச்சுப் பாருங்க. அதில் பத்து வருஷம் கழித்து எது உடையும்? யாருக்கும் தெரியாது. கட்டிய கம்பெனிக்கே தெரியாது. வாரண்டி இருக்கும் வரை அது உங்கள் கவலை இல்லை, அவ்வளவுதான். நன்றாகப் படித்துவிட்டுப் பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்குபவர் வாங்குவது தெரிந்த நோய் உள்ள வண்டியை. மருந்தும் தெரியும், மருந்தின் விலையும் தெரியும். பயந்தவர்கள் ஒதுங்கிப் போவதால் இறங்கிய விலையில், விவரம் தெரிந்தவர் உள்ளே வருகிறார். அந்த விவரம்தான் அவருடைய முதல். அது இல்லாமல் அதே காரை அதே விலைக்கு வாங்கினால் அது சூதாட்டம்.

இப்போது கட்டப்படாத கார்

மூன்றாவது காரணம், ஓட்டும் அனுபவம். "புதுசு இதைவிட வேகமா போகுமே?" என்பது நியாயமான கேள்விதான்.

போகும். 1998-ன் கரேரா 300 குதிரைத்திறன், நூறு கிலோமீட்டர் வேகத்தை எட்ட 5.2 விநாடி. இன்றைய அடிப்படை கரேரா நான்கு விநாடி சொச்சத்தில் எட்டிவிடும். எண்ணைப் பார்த்தால் புதுசுதான் ஜெயிக்கும். ஆனால் இன்னும் ரெண்டு எண்ணையும் பாருங்க. பழையது சுமார் 1,320 கிலோ. புதியது 1,500 கிலோவைத் தாண்டுகிறது. பழையதன் அகலம் 1,765 மில்லிமீட்டர். இன்றைய 992-ன் அகலம் 1,852. ஒன்பது சென்டிமீட்டர் கூடுதல் என்பது குறுகலான மலைப்பாதையில் எதிரே பஸ் வரும்போது தெரியும்.

ஸ்டீயரிங்கும் அப்படித்தான். 996, 997 வரை ஹைட்ராலிக் ஸ்டீயரிங். 2011-ல் வந்த 991-லிருந்து மின்மோட்டார் உதவி. எரிபொருள் மிச்சம், வசதி எல்லாம் உண்டு. ஆனால் முன் சக்கரம் எந்த மாதிரி ரோட்டில் போகிறது, பிடிப்பு எங்கே குறைகிறது என்று உள்ளங்கைக்கு வந்து சேரும் செய்தி பழைய ஸ்டீயரிங்கில் அதிகம் என்று ஓட்டுபவர்கள் சொல்வார்கள். கியரும் அப்படியே. இன்றைய 911 வரிசையில் கிளட்சை மிதித்து நீங்களே கியர் போடும் வசதி சில மாடல்களில் மட்டும்தான் மிஞ்சியிருக்கிறது. அடிப்படை கரேராவில் அது கிடையாது. 996 காலத்தில் அது சாதாரண விஷயம்.

முந்நூறு குதிரைத்திறனில் இன்னொரு நன்மை இருக்கு. அதை நீங்க பயன்படுத்த முடியும். இன்றைய சூப்பர் கார்களில் ரெண்டாவது கியரை முழுசாக மிதித்தாலே வேக வரம்பு போய்விடும். மீதி சக்தி எல்லாம் பேப்பரில் இருக்கும். பழைய காரில், ஒழுங்கான வேகத்திலேயே, நாமதான் ஓட்டுகிறோம் என்ற உணர்வு இருக்கும். அந்த உணர்வு வேண்டும் என்றால் இன்றைக்கு ஷோரூமுக்குப் போய் வாங்குவது கஷ்டம். பழைய கார் சந்தைக்குத்தான் வர வேண்டும். அதனால்தான் வசதி இருப்பவர்களும் பழசைத் தேடுகிறார்கள்.

யானைக்குத் தீனி

இவ்வளவு நேரம் நல்லதைச் சொன்னேன். இனி இன்னொரு பக்கம்.

நம்ம நேயர் ஒருத்தர் வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தார். எட்டு வருஷமாக ஐ.டி. வேலை. பைக்கும் பஸ்ஸுமாக ஓட்டி, சிறுகச் சிறுகச் சேர்த்து வைத்திருக்கிறார். ஒரு பழைய போர்ஷே கேமனைப் பார்த்து வைத்திருக்கிறார். சேமிப்பு முழுவதையும் போட்டால் வாங்கிவிடலாம். அவர் அப்பா சொன்னாராம்: "வீடு அசையாம தின்னும், யானை அசைஞ்சு தின்னும். உனக்கு எதுக்குடா யானை?" அண்ணா, நீங்க என்ன சொல்றீங்க என்று கேட்டிருந்தார்.

தம்பி, உங்க அப்பா கார் பற்றிப் படித்திருக்க மாட்டார். ஆனால் கணக்கைச் சரியாகப் பிடித்துவிட்டார். ஒரே ஒரு திருத்தம்: ஸ்போர்ட்ஸ் கார் அசைந்தாலும் தின்னும், அசையாமல் நின்றாலும் தின்னும்.

காரின் விலை மூன்றில் ஒரு பங்காக இறங்கலாம். உதிரிபாகத்தின் விலை இறங்காது. பிரேக் டிஸ்க்குக்கு நீங்கள் எத்தனையாவது ஓனர் என்று தெரியாது. அது அந்த விலையுயர்ந்த காரின் பிரேக் டிஸ்க், அவ்வளவுதான். கிளட்ச், சஸ்பென்ஷன் ஆர்ம்கள், வாட்டர் பம்ப், கூலன்ட் டேங்க் என்று வயதுக்கு வரும் பாகங்கள் வரிசையாக வரும். 996-ல் ரேடியேட்டர்கள் முன் பம்பருக்குள் இரண்டு ஓரங்களிலும் இருக்கும். அங்கே சருகும் குப்பையும் சேர்ந்து, ஈரம் தங்கி, அரித்துவிடும். அவ்வப்போது பம்பரைக் கழற்றிச் சுத்தம் செய்யாவிட்டால் பெரிய செலவு.

நிறுத்தி வைத்தால்? டயரில் பட்டன் தேயாது, ஆனால் ரப்பர் கெட்டியாகும். ஆறேழு வருஷமான டயரை வைத்துக்கொண்டு வேகமாகப் போவது ஆபத்து. பேட்டரி இறங்கும். சீல்கள் காயும். பெட்ரோலில் எத்தனால் 20 சதவீதம் வரை வந்துவிட்ட காலம் இது. அந்தக் கலவைக்காக வடிவமைக்கப்படாத பழைய வண்டியில் மாதக்கணக்கில் எரிபொருளைத் தேக்கி வைப்பது நல்லதில்லை. எத்தனால் ஈரத்தை இழுக்கும்.

அதனால் அந்த நேயருக்கு என் பதில்: உங்கள் சேமிப்பு முழுவதும் காரின் விலைக்கே சரியாக இருந்தால், அந்தக் காரை வாங்க உங்களிடம் பணம் இல்லை என்று அர்த்தம். வாங்கிய அடுத்த நாள் காரின் விலையில் ஐந்தில் ஒரு பங்காவது தனியாக பேங்கில் கிடக்கணும், அதைத் தொடும் நிலை வந்தால் தூக்கம் போகக் கூடாது. இது நான் வைத்திருக்கும் கணக்கு. குறைந்தால் இன்னும் ரெண்டு வருஷம் காத்திருங்க. இல்லையென்றால் ஒரு படி கீழே இறங்கி, சின்ன வண்டியை நல்ல நிலையில் வாங்குங்க. ஆசையை விடச் சொல்லவில்லை. ஆசைப்பட்ட வண்டி அபார்ட்மெண்ட் பேஸ்மெண்டில் கவர் போட்டு, ஸ்பேர் வாங்கக் காசில்லாமல் நின்றால், தினமும் அதைத் தாண்டித்தான் லிஃப்டுக்குப் போக வேண்டியிருக்கும். அந்த வலியை நான் சில பேரிடம் பார்த்திருக்கிறேன்.

மலிவானதை வாங்காதீர்கள்

எனக்குத் தெரிந்த ஒருத்தர் கோயம்புத்தூரில் 997 வைத்திருக்கிறார். வாங்கும்போது அவர் முன்னால் ரெண்டு கார் இருந்தது. ஒன்று விலை குறைவு, பளபளன்னு பாலிஷ் போட்டது. இன்னொன்று விலை கூட, பம்பரில் சின்னக் கீறல்கள். கீறல் உள்ளதன் ஓனர் ஒரு தடிமனான ஃபைலை எடுத்து மேஜையில் வைத்தாராம். முதல் நாளிலிருந்து ஆயில் மாற்றிய ஒவ்வொரு பில்லும் அதில் இருந்தது. இவர் இரண்டாவதை வாங்கினார். "நான் வாங்கினது ஃபைலை, காரு கூட வந்துச்சு" என்பார்.

விற்பவருக்குச் சம்பந்தமில்லாத, அந்த கார் தெரிந்த மெக்கானிக்கிடம் காசு கொடுத்துச் சோதனை செய்வது கட்டாயம். ஆயில் ஃபில்டரை வெட்டிப் பார்த்து உலோகத் துகள் இருக்கிறதா என்று பார்க்கணும். பெயிண்ட் தடிமன் அளக்கும் கருவி வைத்தால் எங்கே பட்டி போட்டிருக்கிறார்கள் என்று தெரியும். சிலிண்டருக்குள் சின்ன கேமராவை விட்டுச் சுவரில் கோடு விழுந்திருக்கிறதா என்று பார்க்கலாம். 996, 997-ன் சில என்ஜின்களில் அந்தக் கோடு ஒரு தெரிந்த பிரச்சினை.

இன்னொன்று எனக்குப் பிடித்தது. இந்தக் கார்களின் என்ஜின் கம்ப்யூட்டர், என்ஜின் அளவுக்கு மீறிச் சுற்றிய தருணங்களைக் கணக்கு வைத்திருக்கும். யாராவது வேகத்தில் நாலாவது கியருக்குப் பதிலாக ரெண்டாவதில் போட்டுவிட்டால், என்ஜின் தாங்க முடியாத சுற்றுக்குப் போகும். அது பதிவாகிவிடும். கடைசியாக என்ஜின் ஓடி எத்தனை மணி நேரத்துக்கு முன்னால் நடந்தது என்றும் ஸ்கேனரில் பார்க்கலாம். "ஒரே ஓனர் சார், டாக்டர் சார் வண்டி, மெதுவாத்தான் ஓட்டினார்" என்று விற்பவர் சொல்லலாம். கம்ப்யூட்டர் வேறு கதை சொல்லும்.

நம்ம ஊரில்

நான் சொன்ன விலைச் சரிவெல்லாம் அமெரிக்கா, ஐரோப்பா சந்தையில் நடந்தது. அங்கே கார் நிறைய, சுதந்திரமான மெக்கானிக்குகள் நிறைய. இங்கே நிலைமை வேறு. வெளிநாட்டில் மலிவாகக் கிடைக்கிறதே, கப்பலில் ஏற்றிவிடலாம் என்று நினைக்காதீர்கள். மூன்று வருஷத்துக்கு மேல் பழைய காரைச் சாதாரணமாக இறக்குமதி செய்ய நம் விதிகள் அனுமதிப்பதில்லை. புதிதாக வரும்போதே வரி கட்டி விலை எகிறித்தான் வருகிறது. எண்ணிக்கையும் குறைவு. இங்கே 996 ரொம்ப அரிது. நம் கண்ணில் படுபவை பெரும்பாலும் அதற்குப் பிறகு வந்த பாக்ஸ்டர், கேமன், 911-கள்.

வாங்கும்போது கார் எந்த மாநிலம் என்று பாருங்கள். டெல்லி வட்டாரத்தில் பழைய வண்டிகள் மேல் உள்ள கட்டுப்பாடுகளால் அங்கே விலை குறைவாகத் தெரியும். ஆனால் அங்கிருந்து என்.ஓ.சி. வாங்கி, இங்கே ஆர்.டி.ஓ. ஆபீஸில் மறுபதிவு செய்து, நம்ம மாநில வரியையும் கட்டி முடிக்கும்போது அந்த மிச்சம் கரைந்துவிடலாம். ஆர்.சி.யில் கடன் பதிவு நீக்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். பதினைந்து வருஷம் முடிந்த வண்டியென்றால் பதிவைப் புதுப்பிக்க வேண்டும், இறக்குமதி கார்களுக்கு அந்தக் கட்டணமும் அதிகம்.

சென்னைக்காரர்களுக்குத் தனியாக ஒன்று: வெள்ளம். 2015 டிசம்பரில் எத்தனை லக்ஷுரி கார்கள் பேஸ்மெண்டில் மூழ்கின என்று நாம் பார்த்தோம். 2023 மிக்ஜாம் புயலிலும் பார்த்தோம். இன்ஷூரன்ஸ் முழு நஷ்டம் என்று ஒதுக்கிய வண்டிகள் ஏலத்தில் போய், துடைத்துச் சீர்செய்யப்பட்டு, வேறு ஊர் சந்தைக்கு வரும். கார்பெட்டைத் தூக்கிப் பாருங்கள். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்து, உள்ளே சேற்றுக் கறை இருக்கிறதா என்று பாருங்கள். இன்ஷூரன்ஸ் கிளெய்ம் விவரத்தைக் கேளுங்கள். தண்ணீர் குடித்த எலக்ட்ரானிக்ஸ் உடனே சாகாது, ஒவ்வொன்றாகச் சாகும்.

கடைசியாக, எங்கே ஓட்டுவீர்கள்? அதிகாலை ஈ.சி.ஆர். அழகுதான். ஆனால் அது மீனவர்களும் பால் வண்டிகளும் நடைப்பயிற்சி போகிறவர்களும் பயன்படுத்தும் ரோடு. காரின் முழுத் திறனைப் பார்க்க ஆசை இருந்தால் இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத் தளம் இருக்கிறது. அங்கே நடக்கும் டிராக் டே நிகழ்ச்சிகளில் சேர்ந்து, ஹெல்மெட் போட்டுக்கொண்டு ஓட்டுங்கள். ஒரு தடவை அங்கே போய்வந்தவருக்கு, பொது ரோட்டில் காட்ட வேண்டியது எதுவும் இருக்காது.

சுருக்கமா சொல்றேன். ஆர்வலர்கள் பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்குவதற்குக் காரணம், முதல் நஷ்டத்தை வேறொருவர் கட்டிவிட்டார், அந்த வண்டியின் நோய்கள் தெரிந்துவிட்டன, அது தரும் உணர்வு இன்றைய ஷோரூமில் இல்லை. மூன்றில் நடுவில் உள்ளதை விட்டுவிடாதீர்கள். நஷ்டம் குறைவு என்பதும் உணர்வு என்பதும் யாருக்கும் கிடைக்கும். நோயைப் படித்து வைத்திருப்பவரிடம்தான் கார் நிலைக்கும்.

ஏதாவது வண்டியைப் பார்த்து வைத்திருக்கிறீர்கள் என்றால் வருஷம், மாடல், எத்தனை கிலோமீட்டர் என்று எழுதி அனுப்புங்க. அதில் எது உடையும் என்று சேர்ந்து தேடலாம். அடுத்த எபிசோடில் இன்ஷூரன்ஸ் பற்றிப் பேசலாம்: பழைய காருக்கு மதிப்பு எப்படிப் போடுகிறார்கள், கிளெய்ம் வந்தால் கைக்கு எவ்வளவு வரும் என்று. அதுவரை பத்திரமா ஓட்டுங்க.